8084-ஆம் நம்பர் நாகம்

1975-ல் நெதர்லாந்தும் இந்தோனேசியாவும் எதிரெதிரே உட்கார்ந்து பழைய பாக்கியைப் பேசின. தூக்கிக்கொண்டு போனதில் கொஞ்சத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்பது இந்தோனேசியாவின் கட்சி. பார்க்கிறோம் என்றது நெதர்லாந்து. கேட்ட பொருள்களில் முக்கியமானவை இளவரசர் டிபோனெகோரோவின் சாமான்கள். தேடியதில் குதிரைச் சேணம் அகப்பட்டது. குடை அகப்பட்டது. ஈட்டியும் அகப்பட்டது. எழுபதுகள் முடிவதற்குள் எல்லாம் ஜகார்த்தா போய்ச் சேர்ந்தன. கெரிஸ் என்ற அவருடைய கத்தி மட்டும் காணோம்.

காணோம் என்று கையை விரித்தது யார் என்று பார்க்கவேண்டும். எதையும் எழுதிவைக்காமல் விட்ட பழக்கம் டச்சுக்காரர்களுக்குக் கிடையாது. அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி ஒன்று மட்டுமே விட்டுப்போன காகிதம் சுமார் இரண்டரைக் கோடிப் பக்கம். எந்தக் கப்பலில் எவ்வளவு மிளகு ஏறியது என்று இன்றைக்கும் எடுத்துப் படிக்கலாம். ஐந்து வருஷம் சண்டை போட்டு, இரண்டு கோடி கில்டருக்குக் குறையாமல் செலவழித்துப் பிடித்த எதிரியின் கத்தி எங்கே என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை. இத்தனைக்கும் அது திருடு போகவில்லை. நாட்டுக்குள்ளேயே, அரசாங்க அருங்காட்சியகத்திலேயே, நம்பர் ஒட்டி பத்திரமாக இருந்தது. அது யாருடையது என்பதுதான் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியாது.

டிபோனெகோரோ 1785-ல் யோக்யகர்த்தா அரண்மனையில் பிறந்தவர். பிற்பாடு மூன்றாம் ஹமெங்குபுவோனோ என்று பட்டமேறிய சுல்தானின் மூத்த பிள்ளை. மூத்த பிள்ளைதான், ஆனால் பட்டத்துராணி வயிற்றுப் பிள்ளை இல்லை. அதனால் சிம்மாசனத்துக்கும் அவருக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் டச்சுக்காரர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவரோ அரண்மனைக் கூத்து பிடிக்காமல் தெகல்ரெஜோ என்ற ஊரில், கொள்ளுப்பாட்டியிடம் வளர்ந்தார். வயல், தொழுகை, அவ்வப்போது குகையில் தவம். ஜாவாவின் தென்கடல் ராணி நேரிலேயே வந்து உதவி செய்கிறேன் என்றதாகவும், இவர் வேண்டாமென்று அனுப்பிவிட்டதாகவும் அவரே எழுதிய சரிதையில் இருக்கிறது. வலிய வந்த கடல் ராணியையே திருப்பி அனுப்பியவர், டச்சு ரெசிடென்டுக்கா பணிந்து போகப் போகிறார்?

டச்சு அரசின் பிரதிநிதியான அந்த ரெசிடென்டின் பெயர் ஸ்மிஸ்ஸார்ட். 1825-ல் ஒரு சாலை வேலை நடந்தது. இளவரசரின் நிலத்தில், அவரை ஒரு வார்த்தை கேட்காமல் குச்சி நட்டு அளந்தார்கள். மூதாதையர் சமாதி இருந்த பூமி. இளவரசரின் ஆட்கள் குச்சியைப் பிடுங்கினார்கள். டச்சுத் தரப்பு மறுபடி நட்டது. மறுபடி பிடுங்கினார்கள். கடைசியில் குச்சி இருந்த இடத்தில் ஈட்டிகளை நட்டுவிட்டார்கள். இதற்குமேல் புரியவைக்க முடியாது. ஜூலை 20-ஆம் தேதி தெகல்ரெஜோவுக்குப் படை வந்தது, வீடு எரிந்தது, இளவரசர் தப்பினார். மதில் சுவரை உடைத்துக்கொண்டு போனதாக ஊர்க்கதை. அந்த ஓட்டையை அங்கே இன்றைக்கும் காட்டுகிறார்கள். நெதர்லாந்து கெரிஸைத் தொலைத்தது. ஜாவாக்காரர்கள் ஓட்டையைக்கூட விடாமல் பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

அதன் பிறகு நடந்த ஜாவாப் போரில் சிரிக்க எதுவும் இல்லை. ஜாவாக்காரர்கள் சுமார் 2 லட்சம் பேர் செத்தார்கள். டச்சுத் தரப்பில் ஐரோப்பியர் 8 ஆயிரம், உள்ளூர்ச் சிப்பாய்கள் 7 ஆயிரம். ஜெனரல் ஹெண்ட்ரிக் மெர்குஸ் டி கோக், ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று புரிந்துகொண்டு, ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கோட்டை கட்டி வலையை இறுக்கினார். 1829 அக்டோபரில் இளவரசரின் இளம் தளபதி சென்டோட் சரணடைந்தார். நவம்பரில் இளவரசரே மயிரிழையில் தப்பி மலைச்சரிவில் குதித்து ஓடவேண்டியிருந்தது.

1830 பிப்ரவரியில்தான் நம் கத்திக்கதையின் முக்கியப் பாத்திரம் மேடைக்கு வருகிறார். கர்னல் கிளேரன்ஸ். பேச்சுவார்த்தைக்கு வாருங்கள் என்று இளவரசரைக் கூட்டிவந்தவர் இவர். இளவரசர் வந்தார். வந்ததும் ரமலான் தொடங்கிவிட்டது. நோன்பு மாதத்தில் அரசியல் பேசமாட்டேன் என்றார். டி கோக்கும் பெருந்தன்மையாகச் சரி என்றார். மகெலாங்கில் தங்கவைத்து, ஒரு நல்ல குதிரை கொடுத்து, செலவுக்குப் பணம் கொடுத்து, பிடித்துவைத்திருந்த குடும்பத்தாரையும் விடுவித்தார். சம்பந்தி வீட்டார்கூட இப்படிக் கவனிக்கமாட்டார்கள். நோன்பு முடிந்தது. பெருநாளுக்கு மறுநாள், மார்ச் 28, மரியாதை நிமித்தம் பார்க்கப் போன இளவரசரை அந்த வீட்டிலேயே கைது செய்தார்கள். அங்கிருந்து பத்தாவியா, பத்தாவியாவிலிருந்து மனாடோ, பிறகு மகாஸ்ஸார். 1855-ல் மகாஸ்ஸாரிலேயே காலமானார். டி கோக்குக்குச் சில வருஷம் கழித்து பாரன் பட்டம் கிடைத்தது.

கெரிஸ் இந்த அமளியின் நடுவே எப்போதோ கிளேரன்ஸ் கைக்கு வந்தது. இளவரசர் அதை கிளேரன்ஸுக்குக் கொடுத்தார் என்று சொல்பவர் சரணடைந்த தளபதி சென்டோட். 1830-லேயே எழுதிக்கொடுத்த சாட்சி. கொடுத்தார் என்ற சொல்லை அப்படியே விழுங்கவேண்டாம். சுற்றிலும் எதிரிப் படை, பேச்சுவார்த்தைக்கு அழைத்துப்போகிறவர் ஒரு கர்னல், சாட்சி சொல்கிறவர் இப்போது டச்சுச் சம்பளக்காரர். இந்தச் சூழ்நிலையில் கைமாறியதை அன்பளிப்பு என்று எழுதுவதற்குத் தனிக் கைராசி வேண்டும்.

கிளேரன்ஸ் அதை முதலாம் வில்லெம் ராஜாவுக்குச் சமர்ப்பித்தார். ராஜாவுக்கு அப்போது தலைக்குமேல் வேலை. ஜாவாவில் ஒரு கலகம் அடங்கிய அதே 1830-ல், வீட்டு வாசலில் பெல்ஜியம் பிரிந்து போய்க்கொண்டிருந்தது. பாதி ராஜ்யம் கையை விட்டுப் போகிற நேரத்தில் ஒரு கத்தியைக் கொண்டுவந்து நீட்டினால் யார்தான் உட்கார்ந்து ரசிப்பார்கள்? அது தி ஹேக் நகரில் இருந்த அரச விநோதப்பொருள் காட்சிக்கூடத்துக்குப் போனது. காட்சிக்கூடம் இருந்தது மவுரிட்ஸ்ஹவுஸ் மாளிகையின் கீழ்த்தளத்தில். மேல்மாடியில் ரெம்பிராண்ட், வெர்மீர் ஓவியங்கள். கீழே உலகமெங்கும் இருந்து வந்துசேர்ந்த சாமான்கள். மேலே இருந்ததற்குக் கலை என்று பெயர், கீழே இருந்ததற்கு விநோதம் என்று பெயர்.

அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம். இது என்ன கத்தி, இதற்கு ஏதோ பெயர் இருக்கிறதாமே, அதற்கு என்ன பொருள்? ஜாவா மொழி தெரிந்த ஆள் வேண்டும். நல்லவேளையாக ஊரிலேயே ஒருவர் இருந்தார். இருபது வயது சுமார், ஓவியம் படிக்க வந்த பையன். பெயர் ராடன் சாலே. 1831 ஜனவரியில் அவர் உட்கார்ந்து விளக்கம் எழுதிக் கொடுத்தார். கெரிஸின் பெயர் கியாய் நாகா சிலுமான். கியாய் என்பது மரியாதைக்குரிய அடைமொழி; நாகா என்பது தலையில் கிரீடம் வைத்த கற்பனைப் பாம்பு; சிலுமான் என்றால் மாயமாய் மறையக்கூடிய சக்தி கொண்டது. மறையும் என்று எழுத்திலேயே எச்சரித்துக் கொடுத்திருக்கிறார். அதிகாரிகள் படித்துவிட்டுக் கோப்பில் போட்டார்கள்.

ராடன் சாலேயின் நிலைமையையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும். அவருடைய உறவினர்களே அந்தப் போரில் டிபோனெகோரோ பக்கம் சாய்ந்து அகப்பட்டவர்கள். இங்கே இவர் டச்சுப் பணத்தில் தூரிகை பிடித்துக்கொண்டு, பிடிபட்ட இளவரசரின் கத்திக்கு உரை எழுதுகிறார். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. காட்டியது 1857-ல். டச்சு ஓவியர் நிக்கோலாஸ் பீனெமான் ஏற்கனவே ஒரு படம் வரைந்திருந்தார். அதில் இளவரசர் அடங்கி ஒடுங்கி நிற்க, டி கோக் பெரிய மனிதராகக் கையை நீட்டி அனுப்பிவைக்கிறார். சாலே அதே காட்சியைத் தன் பாணியில் திருப்பி வரைந்தார். இளவரசர் கோபத்தை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார், டச்சு அதிகாரிகளுக்கோ உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலைகள். அற்புதமாக மனித உடலை வரையத் தெரிந்தவர் இதைக் கைதவறிச் செய்திருக்க வழியில்லை. அரக்கர்களுக்குத் தலை பெரிசு என்பது ஜாவாவில் குழந்தைக்கும் தெரியும். படத்தை மூன்றாம் வில்லெம் ராஜாவுக்கே பரிசாக அனுப்பினார். ராஜா சந்தோஷமாக வாங்கி மாட்டிக்கொண்டார்.

அந்தப் படம் 1978-ல் இந்தோனேசியாவுக்குத் திரும்பிவிட்டது. அதே ஆள் குறிப்பு எழுதிய கெரிஸ் திரும்பவில்லை. காரணம் 1883. அந்த வருஷம் விநோதப்பொருள் காட்சிக்கூடத்தை இழுத்து மூடினார்கள். சாமான்களைப் பாகம் பிரித்தார்கள். தூரதேசத்து மக்களின் பொருள்கள் லைடன் நகரத்து இனவியல் அருங்காட்சியகத்துக்கு வண்டியேறின. நாகா சிலுமானும் ஏறியது. அதைப் பற்றிய கடிதங்கள் வேறு வழியில் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. கத்தி ஓர் ஊரில், அதன் ஜாதகம் வேறோர் ஊரில். லைடனில் அதற்குக் கிடைத்த புதுப்பெயர் 360-8084. கியாய் என்ற மரியாதை போய் நம்பர் வந்தது.

கத்தியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கலாம். லைடனில் இருந்த கெரிஸ்கள் ஒன்றிரண்டல்ல. அந்தக் குவியலில் ஒன்றைத் தேடுவது, முகூர்த்தம் முடிந்த கல்யாண மண்டப வாசலில் செருப்பைத் தேடுகிற வேலை. அதுவும் தன் செருப்பை அல்ல, 150 வருஷத்துக்கு முன் யாரோ விட்டுப்போன செருப்பை.

கெரிஸைப் படிப்பதற்கு ஜாவாவில் ஒரு தனிச் சாஸ்திரமே இருக்கிறது. முதலில் அலகு நேரானதா, வளைந்ததா. வளைவை லுக் என்பார்கள், எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படை. இரட்டைப்படையில் வந்தால் எண்ணியவரிடம்தான் கோளாறு. அடுத்தது பாமோர். இரும்போடு நிக்கல் கலந்த உலோகத்தைச் சேர்த்து மடித்து மடித்து அடித்ததில், கறுப்பு அலகின்மேல் வெள்ளியாக ஓடுகிற கோலம். சிந்திய அரிசி, பொன்மழை என்று ஒவ்வொரு கோலத்துக்கும் பெயர் உண்டு. பிரம்பனான் பக்கம் விழுந்த விண்கல்லைச் சுரகர்த்தா அரண்மனை எடுத்துவைத்துக் கத்திக்கு உலோகம் கிள்ளியது. மிச்சக் கல் இன்னும் அரண்மனையில் இருக்கிறது, கியாய் பட்டத்தோடு. வருஷத்துக்கு ஒருமுறை சுரோ மாதத்தில் கெரிஸுக்குக் குளியல். எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் போட்டுத் தேய்த்தால் இரும்பு கறுக்கும், கோலம் பளிச்சென்று எழும். அது குளிக்கும்போது பக்கத்தில் பழரசம் வைத்துக்கொண்டு உட்காராமல் இருப்பது நல்லது.

இவ்வளவையும் பார்த்து, இது எந்தக் காலம், எந்த ஊர்ப் பட்டறை என்று கணிப்பதற்கு தங்குஹ் என்று பெயர். அலகைத் தூக்கிப்பார்த்து, தட்டி ஓசை கேட்டு, இரும்பை விரலால் தடவி, பஜஜாரன், தூபான், மஜாபாஹித், மாதரம் என்று சொல்லுவார்கள். பத்துப் பேரைக் கேட்டால் பத்து தங்குஹ் கிடைக்கும். விற்கிறவரைக் கேட்டால் எல்லாமே மஜாபாஹித். விற்கிறவர் என்றுகூடச் சொல்லக்கூடாது. கெரிஸை விலைக்கு விற்பது அதற்கு அவமரியாதை என்பதால் மஹர் என்பார்கள், நிக்காஹ்வில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கிற அதே மஹர். பெயர் மாறினாலும் பேரம் மாறுவதில்லை.

பிடியையும் உறையையும் பார்த்து ஊர் சொல்வது இதைவிடச் சுலபம், ஏமாறுவதும் சுலபம். யோக்யகர்த்தா உறைக்கு ஒரு வளைவு, சுரகர்த்தா உறைக்கு இன்னொன்று, மதுராவில் செதுக்குப் பிடி, பாலியில் எல்லாமே ஒரு சுற்றுப் பெரிசு. ஆனால் பிடியைக் கழற்றி வேறு மாட்ட ஒரு நிமிஷம் போதும். விசேஷத்துக்கு ஓர் உறை, வீட்டில் இருக்கும்போது ஓர் உறை என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். சட்டையைப் பார்த்து ஆளின் சொந்த ஊரைச் சொல்ல முடியுமா?

சொல்லலாம் என்று நம்பி ஒருவரைக் கொன்றே போட்ட கதை ஜாவாவில் உண்டு. பராரதோன் என்ற பழைய நூல் சொல்வது. கென் அரோக் என்று ஒரு பெரிய போக்கிரி. துமாபெல் பகுதித் தலைவன் துங்குல் அமெதுங்கின் மனைவி கென் தெதெஸ் மேல் அவனுக்குக் கண். எம்பு காந்திரிங் என்ற கொல்லரிடம் போய் ஐந்து மாதத்தில் ஒரு கெரிஸ் வேண்டும் என்றான். ஒரு வருஷம் ஆகும் என்றார் அவர். ஐந்து மாதம் கழித்து வந்து பார்த்தால் கொல்லர் இன்னும் அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். கென் அரோக்குக்குப் பொறுமை இல்லை. அதே கத்தியைப் பிடுங்கி அவரையே குத்திவிட்டான். சாகும்போது கொல்லர் சாபம் கொடுத்தார்: இந்தக் கத்தி உன்னையும் குடிக்கும், உன் பிள்ளையையும் பேரனையும் குடிக்கும், ஏழு ராஜாக்கள் இதனால் சாவார்கள். சொன்ன தேதிக்கு வேலை முடியாவிட்டாலும், சாபம் மட்டும் உடனடி டெலிவரி.

கத்தி அரைகுறை. பிடிக்கு முள்மரக் கட்டை, முள்ளைக்கூடச் சீவவில்லை. கென் அரோக் அதைத் தன் நண்பன் கெபோ ஈஜோவுக்கு இரவல் கொடுத்தான். புதுப்பொருள் கிடைத்தால் சும்மா இருக்க முடியாத ஜாதி கெபோ ஈஜோ. இடுப்பில் செருகிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றினான். முள்பிடி கெரிஸ் என்றால் கெபோ ஈஜோவுடையது என்று துமாபெலில் எல்லோருக்கும் மனப்பாடம். கென் அரோக் காத்திருந்ததும் இதற்குத்தான். ஓர் இரவு கத்தியைத் திருடிக்கொண்டுபோய், துங்குல் அமெதுங்கின் நெஞ்சில் குத்தி, அப்படியே விட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டான். விடிந்ததும் கூட்டம் கூடியது. கத்தியைப் பார்த்தார்கள். ஆய்வு அரை நிமிஷத்தில் முடிந்தது. கெபோ ஈஜோவைப் பிடித்து அதே கத்தியால் முடித்துவிட்டார்கள். கென் அரோக் விதவையைக் கல்யாணம் செய்துகொண்டு, 1222-ல் கெதிரியை வென்று சிங்கசாரி ராஜ்யத்தை நிறுவினான். பிற்பாடு அதே கெரிஸால் அவனும் செத்தான் என்பது தனிக்கதை. அடையாளம் சொன்ன ஊர்க்காரர்களில் யாரும் இரும்பைப் பார்க்கவில்லை, பிடியைத்தான் பார்த்தார்கள்.

கெரிஸ் நாட்டைவிட்டுப் போவதும் புதுசு இல்லை. மூன்றாம் அமங்குராத் என்ற மாதரம் ராஜாவை 1708-ல் டச்சுக்காரர்கள் பிடித்து இலங்கைக்கு நாடுகடத்தினார்கள். மனிதர் அரச குலச் சின்னங்களை விட்டுக்கொடுக்கவில்லை, கையோடு கொண்டுபோனார். ஜாவாவில் புது ராஜா, இலங்கையில் பழைய ராஜாவும் பரம்பரைச் சொத்தும். அவர் இறந்தபிறகு 1737-ல்தான் அவை திரும்பின. இன்னொன்று, யோக்யகர்த்தாவின் பாகு ஆலம் குடும்பத்து ராஜா, மகனுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் சார்ல்ஸ் க்னாடுக்குக் கொடுத்தது. செப்புத் தகட்டில் ராமாயணக் காட்சிகள் பொறித்துப் போர்த்திய அலகு, சக வருஷம் 1264, அதாவது 1342 என்று அலகிலேயே தேதி. தேதி போட்ட கெரிஸ்களில் மிகப் பழையது. அதுவும் வெகுகாலம் காணாமல் போய், பிற்பாடு வெளியே வந்து ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்தது. வைத்தியருக்கு ஃபீஸாகக் கொடுத்ததால் இதைப் பற்றி யாரும் சண்டைக்கு வருவதில்லை.

நாகா சிலுமானுக்குத் திரும்புவோம். 1984-ல் லைடன் அருங்காட்சியகத்தின் முன்னாள் இயக்குநர் பீட்டர் பொட் தேடிப் பார்த்தார். விஷயம் முடிவுக்கு வரவில்லை. 2015-ல் நடுவே ஒரு வேடிக்கை நடந்தது. இளவரசரின் யாத்திரைக் கைத்தடி ஒன்று, பழைய கவர்னர் ஜெனரல் பாட் என்பவரின் வம்சத்தார் வீட்டில் இருந்தது. 1834-ல் அவருக்குக் கிடைத்தது. அவர் வாரிசுகள், நம் வீட்டில் இப்படி ஒன்று இருக்கிறதே என்று தாங்களாகவே எடுத்துக்கொண்டுபோய் ஜகார்த்தாவில் ஒப்படைத்துவிட்டார்கள். ஒரு சாதாரணக் குடும்பம் 181 வருஷம் ஒரு தடி யாருடையது என்று மறக்காமல் இருந்திருக்கிறது. இயக்குநர், காப்பாட்சியர், பதிவேடு, பட்ஜெட் எல்லாம் வைத்துக்கொண்டிருந்த அரசாங்கத்தால் முடியவில்லை.

2017-லும் 2019-லும் ஆய்வாளர்கள் மறுபடி கிளம்பினார்கள். இந்த முறை கத்தியைவிடக் காகிதத்தை நம்பினார்கள். கிளேரன்ஸ் கெரிஸைச் சமர்ப்பித்தது பற்றிய கடிதப் போக்குவரத்து, சென்டோட்டின் சாட்சி, அதோடு ராடன் சாலேயின் குறிப்பு. அதில் சொன்ன நாகம் எந்த அலகில் இருக்கிறது, விநோதப்பொருள் கூடத்திலிருந்து வந்த பெட்டிகளில் எது பொருந்துகிறது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் 8084 நின்றது. அலகின் அடியில் நாகத்தின் தலை, உடம்பு அலையலையாக மேலே ஏறுகிறது, அங்கங்கே பூச்சுப் போனபிறகும் ஒட்டியிருக்கிற பொன். வியன்னா அருங்காட்சியகத்து நிபுணரைக் கேட்டார்கள். யோக்யகர்த்தாவின் கஜா மாதா பல்கலைக்கழகத்திலிருந்து வரலாற்றாசிரியர் ஸ்ரீ மார்கனாவும் வந்து பார்த்தார். ஆமாம், இதுதான் என்றார்கள். அதிகாரிகள் கேட்டதற்காக இருபது வயது ஓவிய மாணவன் எழுதிக்கொடுத்த சின்னக் குறிப்பு, 189 வருஷம் கழித்து அரசாங்கத்தைக் காப்பாற்றியது.

2020 மார்ச் 3-ஆம் தேதி டச்சு அமைச்சர் இங்க்ரிட் வான் எங்கெல்ஸ்ஹோவன் கெரிஸை இந்தோனேசியத் தூதரிடம் ஒப்படைத்தார். 10-ஆம் தேதி வில்லெம் அலெக்சாண்டர் ராஜா போகோர் அரண்மனையில் ஜனாதிபதி ஜோகோ விடோடோவைச் சந்தித்தபோது அது கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் இருந்தது. சுதந்திரப் போரின்போது டச்சுத் தரப்பு செய்த அளவுமீறிய வன்முறைக்கு ராஜா அன்றைக்கு மன்னிப்பும் கேட்டார். முதலாம் வில்லெம் ராஜாவுக்குக் கொடுத்த கத்தியை அவர் வம்சத்து ராஜா கொண்டுவந்து கொடுத்தாயிற்று. எல்லாம் சுபம் என்று அதிகாரிகள் நினைத்தார்கள்.

ஜாவாவின் கெரிஸ் பிரியர்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. தொலைக்காட்சியில் படம் வந்த கையோடு ஆளாளுக்கு உற்றுப் பார்த்து லுக்கை எண்ணத் தொடங்கினார்கள். எண்ணி முடித்ததும் சண்டை. அவர்கள் சாஸ்திரப்படி நாகா சிலுமான் என்ற வடிவத்தில் நாகத்துக்குத் தலை மட்டும்தான் தெரியவேண்டும், உடம்பு அலகுக்குள் கரைந்து மறைந்துவிடவேண்டும். வந்திருப்பதிலோ உடம்பு முழுசாக, பொன் மிச்சத்தோடு தெரிகிறது. இது நாகசஸ்ரா என்ற வேறு வடிவம் ஆயிற்றே! டச்சுக்காரன் மறுபடி ஏமாற்றிவிட்டான் என்றார்கள் சிலர். பெயர் தெரியாமல் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார்கள் இன்னும் சிலர்.

ஆய்வாளர்கள் தரப்பு பதில் எளிமையானது. நாகா சிலுமான் என்பது கத்தியின் வடிவத்துக்கு இட்ட பெயர் இல்லை, சொந்தக்காரர் கத்திக்குச் சூட்டிய பெயர். கறுப்பு என்று பெயர் வைத்துக்கொண்டவர் கறுப்பாகத்தான் இருக்கவேண்டுமா? எனக்கு இந்தப் பதில் போதும் என்று படுகிறது. சாலேயின் குறிப்பும் பெயரைத்தான் விளக்குகிறது, வடிவத்தின் இலக்கணத்தை அல்ல. ஆனால் கெரிஸ் பிரியர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. எதிர்க்கட்சியை அடக்க இதற்குமேல் ஆதாரம் எதுவும் கிடைக்கப்போவதும் இல்லை. டிபோனெகோரோ மூன்று பரம்பரை ஆயுதங்களை உருக்கி ஒன்றாக அடித்து பொந்தோயுதோ என்று ஒரு கெரிஸ் வைத்திருந்தார். அது மகாஸ்ஸாரில் அவரோடு புதைக்கப்பட்டதாகச் சொல்கிறார்கள். அதன் லுக்கை எண்ணுவதற்கு வழியில்லாததால், அதைப் பற்றி மட்டும் எல்லோரும் ஒருமனதாக இருக்கிறார்கள்.

நாகசஸ்ரா என்ற பெயர் கேட்டதும் அங்கே ரத்தம் சூடாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எஸ்.எச். மிந்தர்ஜா அறுபதுகளில் யோக்யகர்த்தா பத்திரிகையில் ஒரு தொடர்கதை எழுதினார். தெமாக் அரண்மனையிலிருந்து காணாமல் போன நாகசஸ்ரா, சபுக் இந்தென் என்ற இரண்டு கெரிஸ்களைத் தேடி மஹேசா ஜெனார் என்ற வீரன் காடுமேடெல்லாம் அலைகிற கதை. நம் ஊரில் வந்தியத்தேவனுக்கு எவ்வளவு பேர் உயிரை விடுவார்களோ, அங்கே மஹேசா ஜெனாருக்கு அவ்வளவு பேர். காணாமல் போன நாகசஸ்ரா என்றதுமே ஒரு தலைமுறைக்குக் கை துருதுருக்கும். பாவம் மஹேசா ஜெனார், குகை குகையாக நுழைந்தார், குஸ்தி போட்டார், பேய்க்காட்டில் படுத்தார். லைடனில் 8084-ஆம் நம்பர் பெட்டியை இழுத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்கு யார் சொல்வது?

கெரிஸை ஜகார்த்தா தேசிய அருங்காட்சியகத்தில் வைப்பதாக முடிவானது. ஜனங்கள் வரிசையில் வந்து பக்கத்தில் நின்று, லுக்கைத் தாங்களே எண்ணி, சண்டையை நேரிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்று இருந்த நேரம். போகோர் விருந்து முடிந்து ஒரு வாரம் ஆவதற்குள் கொரோனாவுக்காக ஜகார்த்தாவின் அருங்காட்சியகங்களுக்குப் பூட்டு விழுந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களைத் தனியாக அடைத்துவைக்கவேண்டும் என்ற நேரம் அது. ஐரோப்பாவிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்த கியாய் நாகா சிலுமானுக்கும் விலக்குக் கிடைக்கவில்லை.